அறுபத்தொன்றாம் பக்கம்

ஃப்ளெக்ஸ் கடையில் எனக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி.
இரவில், கூலியில்லாமல்,
நாலு வருஷம் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டேன்.
கருப்பு மை மட்டும்.
பாலக்கோட்டுத் தக்காளியைக்கூடக்
கருப்பாகத்தான் வரைந்தேன்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் இரண்டே கட்டம்.
மேலே:
தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரியின் பின்பக்கம்,
தார்ப்பாய்க் கயிறொன்று அவிழ்ந்து ஆடுகிறது.
கீழே:
குமாரசாமிப்பேட்டையில் ஒரு கை
சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்குகிறது.
நடுவே அரை விரற்கடை வெள்ளை.
அக்கா புருஷன் மாதையன் செத்தது
அந்த வெள்ளையில்.

தூங்கிவிட்டான் என்றது முதல் தகவல் அறிக்கை.
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டிருப்பான் என்றது
லாரி ஸ்டாண்டு.
குடித்திருப்பான் என்றார் தக்காளிக்குச் சொந்தக்காரர்.
தெரியாத இடத்தில் மை வைக்க
எனக்குக் கை வரவில்லை.
வாசித்தவர்கள் அவரவர் லாரியை
அவரவர் கவிழ்த்துக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து வந்த இயக்குநர்
அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.
"இங்க என்ன நடந்துச்சு?"
"தெரியாதுங்க."
"கேமரா எதையாவது பாத்தாகணுமே, தம்பி."

பார்த்தது.
ஏழு கேமரா, ஒரு கிரேன், செயற்கை மழை.
அன்றைக்கு மழையே இல்லை.
எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பேனருக்கான முகம் எங்கள் கடைக்கே வந்தது.
நாற்பதுக்கு இருபது.
நான்தான் மிஷினில் ஓட்டினேன்.
நடிகரின் ஒரு மூக்குத்துளைக்குள்
என் புத்தகம் முழுசும் அடங்கும்.

தருமபுரியில் முதல் நாள், மாலைக் காட்சி.
அக்கா சின்னபாப்பா என் பக்கத்தில்,
மடியில் பிரிக்காத முறுக்குப் பொட்டலம்.
லாரி சாய்ந்தது.
சாய்ந்துகொண்டே இருந்தது.
தக்காளிகள் ஒவ்வொன்றாய், சிவப்பாய்,
மழைக்குள் எழும்பி மிதந்தன.
விசில் பறந்தது.
எழுந்து போய்த் திரையின் நடுவில்
ஒரு வெள்ளைத் தாளை ஒட்டவேண்டும்போல் இருந்தது எனக்கு.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"மிதிச்சாரு."
நான் திரும்பினேன்.
"பாத்தியா நீ? மூணு தரம் மிதிச்சாரு. பிரேக்குதான் புடிக்கல."

திரையளவு பெரிய செருப்புக்கால்
பெடலை அழுத்தி எடுத்து அழுத்திக்கொண்டிருந்தது.
சண்டைப் பயிற்சியாளர் யாரோ
மதியச் சாப்பாட்டுக்கு முன் யோசித்ததாக இருக்கும்.
நான் சொல்லவில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.
இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிடுவாள்;
அந்தக் கால் வரும்வரைதான் அவளுக்குப் படம்.
தக்காளிக்காரர் வீட்டு கேட்டில் நின்று
"ஊரே பாத்துச்சு, அவரு முழிச்சிட்டுதான் இருந்தாரு" என்று
சத்தமாகச் சொல்லிவிட்டும் வந்தாள்.

என் வெள்ளை அவளுக்கு
அப்படி ஒன்றும் தரவில்லை.
வலித்தது. எழுதிவைக்கிறேன்.
அந்த அரை விரற்கடையில்
அவள் எத்தனை ராத்திரி
எப்படியெப்படியெல்லாம் கவிழ்த்துப் பார்த்தாளோ,
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால்
எனக்கும் மழை பெய்கிறது.

பத்தாம் நாள் படத்தை எடுத்துவிட்டார்கள்.
பேனரை இறக்கி யாரோ எடைக்கு வாங்கிப் போனார்.
நேற்று பாலக்கோடு ரோட்டில்
எனக்கு முன்னால் ஒரு தக்காளி லாரி.
மேலே போர்த்தியிருந்தது எங்கள் ஃப்ளெக்ஸ்தான்,
ஓரத்து வளையங்களை அடித்தவனுக்குத் தெரியாதா.
முகம் உள்ளே, தக்காளிமேல் குப்புற.
வெள்ளைப் பக்கம் வானத்துக்கு.
தொப்பூர் வழியாகத்தான் போகும்.

பின்னால் ஒரு கயிறு தளர்ந்து ஆடியது.
வண்டியை முடுக்கி, ஹாரன் அடித்து,
கையைக் காட்டினேன்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தாரா,
தெரியாது.